உப்பிட்டால் விரிந்த தூரிகை: அமிலத்தன்மைக்கு இசையும் பாலிமர் அடுக்குகளின் இடைவினை குறித்த நிகழ்வு ஆய்வு

கோயம்புத்தூரில் நான் பணிபுரியும் பொறியியல் கல்லூரியின் சவ்வு ஆய்வகத்தில் ஒரு மாணவி தன் முதுநிலைத் திட்டப்பணிக்காக ஓர் எளிய சோதனையை நடத்திக்கொண்டிருந்தார். நுண்துளைகள் கொண்ட பாலிகார்பனேட் சவ்வு ஒன்றின் துளைச்சுவர்களில் பாலிஅக்ரிலிக் அமிலச் சங்கிலிகளை வளர்த்து, அதன் வழியே நீரைச் செலுத்தி, நிமிடத்துக்கு எத்தனை கிராம் இறங்குகிறது என்று தராசில் அளப்பதுதான் வேலை. பி.எச். 5 உள்ள, ஏறத்தாழ உப்பே இல்லாத நீர் தாராளமாக இறங்கியது. அதே பி.எச். அளவில் லிட்டருக்கு அரை கிராமுக்குச் சற்று கூடுதலாகச் சாதாரண உப்பைச் சேர்த்ததும் பாய்வு குறைந்தது. உப்பைப் பத்து மடங்காக்கியபோது பாதிக்கும் கீழே போனது. அதற்கும் மேலே, கடல்நீரைவிடக் கூடுதலான உப்பில், பாய்வு மீண்டும் ஏறியது.

அவர் என்னிடம் வந்து சொன்னது இதுதான்: "சார், உப்புப் போட்டாச் சங்கிலி சுருங்கோணும், துளை தொறக்கோணும்னு கணக்குச் சொல்லுதுங்க. இங்க அடைக்குதுங்களே." அவருடைய தந்தை திருப்பூரில் டையிங் மாஸ்டர். பருத்தி இழை நீரில் எதிர்மின்னூட்டம் பெறுவதும், ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்னூட்டம் உடையது என்பதால் அவற்றிடையேயுள்ள விலக்கத்தை மறைத்துச் சாயத்தை இழையில் ஏற்றுவதற்கே லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் வரை உப்பைக் கொட்டுகிறார்கள் என்பதும் அந்த வீட்டில் சாப்பாட்டுப் பேச்சு. உப்பு மின்னூட்டத்தை மறைக்கும் என்ற அந்த அறிவு முற்றிலும் சரியானது. ஆயினும் இந்தச் சோதனையில் அது ஏன் தலைகீழாயிற்று என்பதைத் தேடிய மூன்று மாத உழைப்பே இந்த ஆய்வு.

சோதனையின் நோக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவை, திருப்பூர் வழியாகச் சென்று கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யல் பட்ட பாட்டை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. பாசனத்துக்கென்று 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும், அதன் பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளிவிடாத முறை கண்டிப்பாக நடைமுறைக்கு வந்ததும் எங்கள் மாணவர்கள் கண்முன் நடந்தவை. உப்பு மிகுந்த காரச் சாயக்குளியல் நீரையும், அசிட்டிக் அமிலத்தால் நடுநிலையாக்கிய பிறகு வரும் உப்புக் குறைந்த அலசல் நீரையும் ஒன்றாகக் கலந்து சுத்திகரிப்பதைவிட, முதலிலேயே பிரித்துவிட்டால் ஆர்.ஓ. கலத்தின் சுமை குறையும். அமில நீருக்குத் தானே திறந்து, கார நீருக்குத் தானே மூடிக்கொள்ளும் துளைக்கதவு ஒன்று செய்ய முடியுமா என்பதே மாணவியின் கேள்வி. அது ஆலைக்குப் போகும் கருவி அன்று, ஆய்வக அளவிலான ஒரு முயற்சி. ஆயினும் கேள்வி உண்மையானது.

தூரிகை என்பது என்ன

ஒரு பரப்பில் பாலிமர்ச் சங்கிலிகளின் ஒரு முனையை மட்டும் ஒட்டி, அவற்றை மிக நெருக்கமாக நட்டால் அவை சுருண்டு கிடக்க இடமின்றி எழுந்து நிற்கும். மாட்டுத் தீவனத்துக்காகச் சோளத்தை நெருக்கி விதைத்தால் தட்டு மெலிந்து நெட்டுக்கு வளர்வதைப் போன்றது இது. இப்படி நிற்கும் அடுக்கைப் பாலிமர்த் தூரிகை என்கிறோம். சங்கிலியின் ஒவ்வோர் அலகிலும் ஒரு கார்பாக்சிலிக் தொகுதி இருந்தால், அது புரோட்டானை விடுத்து எதிர்மின்னூட்டம் பெறும். அந்த மின்னூட்டத்தை ஈடுகட்ட நேர் அயனிகள் தூரிகைக்குள் வந்து நிறையும். நிறைந்த அயனிகள் வெளியேற முடியாமல் உள்ளிருந்து தள்ளுகின்ற சவ்வூடு பரவல் அழுத்தமே தூரிகையை விரிக்கிறது. சங்கிலிகளுக்கிடையேயான நேரடி மின்விலக்கத்தால் தூரிகை விரிகிறது என்று பலரும் எழுதுவதுண்டு. மின்னூட்டம் மிக்க தூரிகையில் முதன்மையான பங்கு அடைபட்ட அயனிகளுடையது என்பதை 1991-இல் பிங்கஸ் தெளிவாக்கினார். இந்த வேறுபாடு சொல்லாட்சி சம்பந்தப்பட்டது அன்று, பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இதன்மீதுதான் நிற்கிறது.

எங்கள் கணக்குக்கு எடுத்துக்கொண்ட அளவுகள் இவை: சங்கிலிக்கு 100 அலகுகள், அலகின் நீளம் 0.25 நானோமீட்டர், ஆகவே முழுதாக நீட்டினால் 25 நானோமீட்டர். பத்துச் சதுர நானோமீட்டருக்கு ஒரு சங்கிலி. தனித்த அமிலத் தொகுதியின் பி.கே., அதாவது தொகுதிகளில் சரிபாதி மின்னூட்டம் பெறும் பி.எச். அளவு, 4.5. துளையின் விட்டம் 100 நானோமீட்டர். நாங்கள் வளர்த்த சங்கிலிகளின் நீளத்தையும் நெருக்கத்தையும் நேரடியாக அளக்கும் வசதி எங்களுக்கு இல்லை. எனவே கணக்கின் எண்களை அளவீட்டின் எண்களோடு பொருத்திப் பார்க்கவில்லை, வளைகோடு ஏறுகிறதா இறங்குகிறதா, எங்கே திரும்புகிறது என்பதை மட்டுமே ஒப்பிட்டோம். இந்தக் கட்டுப்பாட்டை முதலிலேயே விதித்துக்கொண்டது நல்லதாயிற்று என்று இப்போதும் நினைக்கிறேன்.

முதல் கணக்கு

மாணவி முதலில் செய்தது, பெரும்பாலோர் செய்வது. வெளிநீரின் பி.எச். 5, தொகுதியின் பி.கே. 4.5. எனவே பாடநூல் சூத்திரப்படி நூற்றுக்கு 76 தொகுதிகள் மின்னூட்டம் பெற்றிருக்கும். இந்த 76 விழுக்காட்டைக் கணக்கில் மாறாத எண்ணாக வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் அயனிகளுக்கும் வெளியே இருக்கும் அயனிகளுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து அழுத்தத்தைக் கண்டு, அதைச் சங்கிலிகளின் இழுவிசையோடு சமன்செய்து தூரிகையின் உயரத்தைப் பெற்றார். 1, 10, 100, 1000 மில்லிமோலார் உப்பில் (தொடக்கத்தில் சொன்ன, லிட்டருக்கு அரை கிராமுக்குச் சற்று கூடுதலான உப்பே 10 மில்லிமோலார்) உயரங்கள் முறையே 18.8, 18.6, 17.5, 11.7 நானோமீட்டர். துளையின் எஞ்சிய ஆரத்தின் நான்காம் அடுக்குக்குப் பாய்வு நேர்விகிதம் என்பதால், வெறும் துளையோடு ஒப்பிட்ட பாய்வு முறையே 15, 16, 18, 34 விழுக்காடு. அதாவது உப்பு கூடக் கூடப் பாய்வு ஏறிக்கொண்டே போக வேண்டும். தராசு காட்டியதோ அதற்கு நேர்மாறு.

சோதனையில் பிழை இருக்கலாம் என்று இரண்டு வாரம் அதையே தோண்டினோம். காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்தால் உப்பற்ற நீரின் பி.எச். தானாகவே 5.6 அளவுக்கு இறங்கிவிடும். எனவே பி.எச். அளவை மாறாமல் பிடித்துவைக்கும் தாங்கல் கரைசல் இன்றி அளந்த எதையும் நம்ப முடியாது. அசிட்டேட் தாங்கலைச் சேர்த்தாலோ அதுவே உப்பாகிவிடுகிறது: ஒரு மில்லிமோலார் அசிட்டிக் அமிலத் தாங்கல் பி.எச். 5-இல் 0.6 மில்லிமோலாருக்குச் சற்று கூடுதலான சோடியத்தைக் கொண்டுவரும். இவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்து மீண்டும் அளந்தபோதும் பாய்வு இறங்கவே செய்தது. மின்னூட்டம் பெற்ற துளையில் நீர் ஓடும்போது உருவாகும் மின்னழுத்தம் பாய்வை எதிர்க்கும் என்பதையும் யோசித்தோம். அந்த எதிர்ப்பு உப்புக் குறைந்த நீரில்தான் மிகும். நாங்கள் கண்டதோ உப்புக் குறைந்த நீரில் மிகுந்த பாய்வு. எனவே அந்த விளக்கமும் விழுந்தது. பிழை சோதனையில் இல்லை, கணக்கில்தான் இருந்தது.

மின்னூட்டம் உள்ளீடு அன்று, விடை

அந்த 76 விழுக்காடுதான் தவறு. அது வெளிநீரின் பி.எச். அளவைக் கொண்டு கண்டது. கார்பாக்சிலிக் தொகுதிகளோ வெளிநீரில் இல்லை, தூரிகைக்குள் இருக்கின்றன. தூரிகைக்குள் எதிர்மின்னழுத்தம் நிலவுவதால் எல்லா நேர் அயனிகளும் அங்கே செறிகின்றன. சோடியம் எத்தனை மடங்கு செறிகிறதோ அதே மடங்கு ஹைட்ரஜன் அயனியும் செறியும். 1911-இல் டொனான் வகுத்த சமநிலை வேறு எதையும் சொல்லவில்லை. ஹைட்ரஜன் செறிந்தால் உள்ளே பி.எச். குறையும், குறைந்தால் தொகுதிகள் புரோட்டானைத் திரும்பப் பெற்று மின்னூட்டத்தை இழக்கும், இழந்தால் மின்னழுத்தம் தணியும். இந்தச் சுற்று எங்கே நிலைகொள்கிறதோ அதுவே மின்னூட்டம். ஆக, மின்னூட்டம் என்பது நாம் கணக்குக்குக் கொடுக்கும் எண் அன்று, கணக்கு நமக்குத் தரும் விடை. இரு பரப்புகள் நெருங்கும்போது அவற்றின் மின்னூட்டம் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் என்ற கருத்தை 1971-இல் நின்ஹாமும் பார்சீகியனும் முறைப்படுத்தினர். தூரிகைகளுக்கு அதை இஸ்ரேயல்ஸ், லீர்மேக்கர்ஸ், ஃப்ளீர் ஆகியோர் 1994-இலும், ஷூலினா, பிர்ஷ்டைன், போரிசவ் ஆகியோர் 1995-இலும் விரித்தெழுதினர். எங்கள் மாணவி கண்டது புதிய இயற்பியல் இல்லை. ஆனால் அறியப்பட்ட ஒன்றைத் தன் தராசில் தானே காண்பது வேறு அனுபவம்.

திருத்திய கணக்குக்குப் பெரிய கணினி தேவையில்லை. தூரிகையை ஒரே சீரான பெட்டியாகக் கொண்டால் மூன்று சமன்பாடுகள் போதும்: உள்ளே மின்நடுநிலை, தொகுதியின் அமிலச் சமநிலை, அயனி அழுத்தத்துக்கும் சங்கிலியின் இழுவிசைக்கும் இடையிலான சமன். ஓர் எக்செல் தாளில் சில சுற்றுகளில் விடை நிலைத்துவிடும். சங்கிலி நீளத்தின் எல்லையை நெருங்கும்போது இழுவிசை கடுமையாக ஏறும் என்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது. எளிய சுருள்வில் விதியை வைத்தால் தூரிகை தன் சங்கிலியைவிட உயரமாக வளர்ந்துவிடும்.

பி.எச். 5-இல், 1 மில்லிமோலார் உப்பில் கிடைத்த விடையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அயனிகளின் செறிவுப் பெருக்கு 100 மடங்கு. ஆகவே உள்ளே பி.எச். 5 இல்லை, 3. மின்னூட்டம் பெற்ற தொகுதிகள் நூற்றுக்கு 76 இல்லை, வெறும் 3. தூரிகை 4.9 நானோமீட்டர் உயரத்தில் படுத்துக் கிடக்கிறது, துளையின் முக்கால் பங்குக்கும் மேற்பட்ட பரப்பு திறந்திருக்கிறது. சங்கிலியின் மின்னூட்டத்தை ஈடுகட்ட யாராவது உள்ளே வந்தாக வேண்டும். வெளியே சோடியம் அரிதாக இருப்பதால் ஹைட்ரஜனே வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய ஹைட்ரஜன் தள்ளாது, ஒட்டாமல் உலவும் சோடியமே தள்ளும். உப்பைச் சேர்த்ததும் சோடியம் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது, ஹைட்ரஜன் வெளியேறுகிறது, தொகுதிகள் மின்னூட்டம் பெறுகின்றன. 10 மில்லிமோலாரில் 12 விழுக்காடும், 100-இல் 39 விழுக்காடும், 1000-இல் 66 விழுக்காடும் மின்னூட்டம் பெறுகின்றன. உயரங்கள் 4.9, 9.3, 13.2, 10.8 நானோமீட்டர். பாய்வு 66, 44, 29, 38 விழுக்காடு.

இறங்கி, திரும்பி, ஏறும் அதே வளைகோடு. கடைசி எண்ணில் உயரம் மறுபடி குறைவதற்குக் காரணம், மாணவியின் தந்தை அறிந்திருந்த அதே விதிதான். வெளியே உப்பு மிகும்போது உள்ளுக்கும் வெளிக்கும் அயனி வேறுபாடே தேய்ந்துவிடுகிறது. மின்னூட்டம் கூடிக்கொண்டே இருந்தாலும் தள்ளும் அழுத்தம் விழுகிறது. முதற்பகுதியில் உயரம் உப்பின் மூன்றாம் படிமூலத்தோடு ஏறும் என்பது கோட்பாட்டின் கணிப்பு. பத்து மடங்கு உப்புக்கு 2.15 மடங்கு என்று அது சொல்ல, எங்கள் பெட்டிக் கணக்கு 1.9 மடங்கு தந்தது. சங்கிலி எல்லையுள்ளது என்பதால் இவ்வளவு வேறுபாட்டை எதிர்பார்க்கலாம்.

இரண்டு தூரிகைகள் எதிரெதிரே

இதுவரை சொன்னது ஒற்றைத் தூரிகை. எங்களிடம் 30 நானோமீட்டர் துளைகள் கொண்ட சவ்வும் இருந்தது. அதில் எதிர்ச்சுவர்த் தூரிகைகள் நடுவில் சந்தித்து ஒன்றையொன்று அழுத்துகின்றன. நீரைத் தள்ளும் அரை பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஒரு லட்சம் பாஸ்கல், ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) இந்தத் தூரிகைகளைச் சாய்த்துவிடுமோ என்ற ஐயத்தில்தான் இரு தூரிகைகளுக்கிடையேயான அழுத்தத்தைக் கணக்கிடத் தொடங்கினோம். தொடங்கியது அந்தச் சிறு ஐயத்துக்காக. கிடைத்ததே இந்த ஆய்வின் மையம் என்று எனக்குப் படுகிறது.

வளைந்த துளையை விட்டுவிட்டு, இரு தட்டைச் சுவர்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுத்தளத்தில் மின்புலம் சுழி. எனவே அங்கே உள்ள அயனிகளின் மொத்தச் செறிவிலிருந்து வெளிநீரின் மொத்தச் செறிவைக் கழித்தால் அயனி அழுத்தம் கிடைத்துவிடும். கிடைத்த அழுத்தத்தைத் தொலைவோடு தொகுத்தால் கோளத் துகள்களுக்கிடையேயான விசையையும் 1934-இல் டெர்யாகின் தந்த தோராயத்தால் பெறலாம்.

வெளிநீர் பி.எச். 6, இடைவெளி 12 நானோமீட்டர், அதாவது தூரிகைக்கு 6 நானோமீட்டர் என்று வைத்தோம். மின்னூட்டம் மாறாது என்று கொண்டால், நூற்றுக்கு 97 தொகுதிகள் மின்னூட்டம் பெற்ற நிலையில், 1 மில்லிமோலார் உப்பில் அயனி அழுத்தம் 66 பார். மின்னூட்டத்தைத் தானே தேர்ந்துகொள்ள விட்டால் 7 பார். ஒன்பது மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. உள்ளே பி.எச். 3.55-க்கு இறங்கிவிட்டது, பத்தில் ஒரு தொகுதிதான் மின்னூட்டத்தோடு இருக்கிறது. 10 மில்லிமோலாரில் 66-க்கு எதிராக 19 பார், 100-இல் 62-க்கு எதிராக 39, 1000-இல் 33-க்கு எதிராக 30. உப்பு மிகுந்த நீரில் இரு கணக்குகளும் ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன. அடர்ந்த உப்புக் கரைசலில் மட்டும் தன் கணக்கைச் சோதித்துப் பார்த்து, "சரியாக வருகிறது" என்று திருப்தியடையும் ஒருவர், உப்புக் குறைந்த நீரில் பத்து மடங்கு தவறுவார். எங்கள் முதல் வரைவில் நாங்களே அந்த நிலையில்தான் இருந்தோம்.

இன்னும் நுட்பமான ஒன்று நெருங்கும்போது நடக்கிறது. 1 மில்லிமோலாரில் இந்தத் தூரிகை தனியே நின்றால் உயரம் 9.7 நானோமீட்டர். இடைவெளி 18 நானோமீட்டராக இருக்கையில் இரண்டும் இலேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். அதை 9 ஆகப் பாதியாக்குவோம். மின்னூட்டம் மாறாதென்றால் அதே மின்னூட்டம் பாதி இடத்தில் அடைபடும், அழுத்தம் இருமடங்காகும். உண்மையில் மின்னூட்டம் பெற்ற பங்கு 12 விழுக்காட்டிலிருந்து 9-க்கு இறங்க, அழுத்தம் 1.44 மடங்குதான் ஏறுகிறது, ஏறத்தாழ இரண்டின் வர்க்கமூலம். அமுக்கப்படும் தூரிகை எதிர்த்து நிற்பதற்குப் பதிலாகப் புரோட்டான்களை வாங்கிக்கொண்டு மின்னூட்டத்தைத் துறந்து இடம் தருகிறது. இடம் தரும் இந்தத் தன்மையே வலிமை குறைந்த அமிலத் தூரிகையை வலிமை மிக்க அமிலத் தூரிகையிடமிருந்து பிரிப்பது. சல்ஃபோனேட் தொகுதிகள் கொண்ட தூரிகை எவ்வளவு அமுக்கினாலும் தன் மின்னூட்டத்தை விடாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் எதிர்மின்னூட்டம் கொண்ட பாலிமர்தான். நெருங்கும் விசையின் வடிவம்தான் வேறு.

தொடக்கத்தில் இருந்த ஐயத்துக்கும் விடை கிடைத்தது. 6 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சவ்வில், 100 நானோமீட்டர் துளையில், அரை பார் அழுத்தத்தில் ஓடும் நீர் சுவரின்மீது செலுத்தும் இழுவை 200 பாஸ்கல் அளவே. தூரிகைக்குள் நிலவும் அழுத்தமோ லட்சக்கணக்கான பாஸ்கல். குறுகலான துளையில் இழுவை இன்னும் குறையும். ஓட்டம் தூரிகையைச் சாய்ப்பதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பெட்டிக் கணக்கில் தூரிகை முழுதும் ஒரே சீரானது. மெய்யான தூரிகையில் அடியில் நெருக்கமும் விளிம்பில் தளர்வும் இருக்கும், விளிம்பிலுள்ள தொகுதிகள் அடியிலுள்ளவற்றைவிட எளிதாக மின்னூட்டம் பெறும். தொடுவதற்குச் சற்று முந்தைய தொலைவில் இரு தூரிகைகளும் எவ்வாறு ஒன்றையொன்று உணர்கின்றன என்பதைப் பெட்டி சொல்லாது. அங்கே டிபை நீளமும், அதாவது உப்புக் கரைசலில் ஒரு மின்னூட்டத்தின் தாக்கம் எட்டும் தொலைவும் (1 மில்லிமோலாரில் 9.6 நானோமீட்டர், 100 மில்லிமோலாரில் ஒரு நானோமீட்டர்), கணக்கில் வர வேண்டும். அதற்கு ஷோய்ட்யென்ஸ், ஃப்ளீர் ஆகியோர் 1979-இல் முன்வைத்த தன்னிசைவுப் புலக் கணக்கு முறை உண்டு. சுவரிலிருந்து அடுக்கு அடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் சங்கிலிச் செறிவையும் மின்னழுத்தத்தையும் அயனியாதலையும் ஒருங்கே தீர்ப்பது அது. மாணவி அதையும் எழுதத் தொடங்கினார். ஆனால் பெட்டிக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் அதற்குள் இறங்குவதை நான் அனுமதிப்பதில்லை. பெரிய நிரல் தரும் அழகான வளைகோட்டில், மின்னூட்டம் எந்த வரியில் மாறிலியாக உறைந்து கிடக்கிறது என்பது தெரியாமலே போய்விடும்.

கதவு மூடவில்லை

சாயப்பட்டறைக் கேள்விக்குத் திரும்புவோம். தாங்கல் கரைசலில் வைத்துப் பார்த்தால் கதவு நன்றாகவே வேலை செய்கிறது: 10 மில்லிமோலார் உப்பில், பி.எச். 4-இல் தூரிகை 4.4 நானோமீட்டர், பாய்வு 69 விழுக்காடு, பி.எச். 8-இல் 19.8 நானோமீட்டர், பாய்வு 13 விழுக்காடு. ஐந்து மடங்கு வேறுபாடு. சாயக்குளியலோ வேறு உலகம். லிட்டருக்கு 57 கிராம் சோடியம் சல்ஃபேட், அதாவது 0.4 மோலார், பி.எச். 10.5. தொகுதிகள் அனைத்தும் மின்னூட்டத்தோடு இருந்தும், வெளியே சோடியம் 0.8 மோலார் நிற்பதால் அயனி வேறுபாடு தேய்ந்து, தூரிகை 14 நானோமீட்டருக்கு மேல் எழவில்லை. பாய்வு 27 விழுக்காடு. அமில அலசல் நீரில் 100 மில்லிமோலார் உப்பு எஞ்சியிருந்தால் அதன் பாய்வு 29 விழுக்காடு என்று முன்னரே கண்டோம். முற்றிலும் மாறுபட்ட இரண்டு நீர்களைக் கதவால் பிரித்தறிய முடியவில்லை. பலமுறை அலசிய, உப்பு நன்றாகக் கழிந்த கடைசி நீரை மட்டுமே அது அடையாளம் காணும்.

இந்த முடிவை மாணவி தன் தந்தையிடம் சொன்னபோது அவர் கேட்டது: "அப்ப உப்பக் கொறைச்சாத்தானுங்க அது வேலை செய்யும்?" ஆம், அதுதான் விடை. குறைந்த உப்பில் சாயமேற்றும் முறைகளை ஏற்கும் பட்டறையில் இந்தக் கதவுக்குப் பொருளுண்டு, வழக்கமான குளியலில் இல்லை.

உப்புத் தண்ணியின் கால்சியம்

கடைசியாக ஒரு சோதனையை வேண்டுமென்றே சேர்த்தோம். ஆய்வக நீருக்குப் பதிலாக, கோவையில் வீட்டுக்கு வீடு 'உப்புத் தண்ணி' என்று சொல்லும் ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மைக்கு ஒப்பாக 2.5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடையும், அதோடு 10 மில்லிமோலார் சாதாரண உப்பையும் கலந்து, பி.எச். 7.5-இல் அளந்தோம். பாய்வு ஏறியது. கால்சியம் இரட்டை நேர்மின்னூட்டம் உடையது. சோடியம் எத்தனை மடங்கு செறிகிறதோ அதன் வர்க்க மடங்கு கால்சியம் செறியும். வெளியே கால்சியம் ஒன்றுக்குச் சோடியம் நான்கு. தூரிகைக்குள் சோடியம் ஒன்றுக்குக் கால்சியம் மூன்றுக்கும் மேல். ஒரே மின்னூட்டத்தை ஈடுகட்டப் பாதி எண்ணிக்கை அயனிகள் போதும் என்பதால் தள்ளும் அழுத்தம் விழுகிறது. உயரம் 19.6 நானோமீட்டரிலிருந்து 17.1-க்கு இறங்கும், பாய்வு மூன்றில் ஒரு பங்கு கூடும் என்பது கணக்கு.

தராசு காட்டிய ஏற்றம் அதைவிடத் தெளிவாகப் பெரியது. காரணத்தை ஊகிப்பது கடினம் இல்லை: கால்சியம் அயனி வெறுமனே உலவிக்கொண்டிருப்பதில்லை, கார்பாக்சிலேட் தொகுதிகளோடு பிணைகிறது, அண்டைச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டவும் செய்கிறது. அந்தப் பிணைப்புக்கு ஒரு சமநிலை மாறிலியைக் கணக்கில் சேர்த்து, அதை ஏற்றி இறக்கினால் எங்கள் அளவீட்டின்மேல் வளைகோட்டை அச்சாகப் பொருத்திவிடலாம். மாணவி ஒரே மாலையில் பொருத்தியும் காட்டினார். அந்தப் படத்தை ஆய்வேட்டில் சேர்க்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஒரே ஓர் அளவீட்டுக்கு ஒரு மாறிலியைச் சரிசெய்து பொருத்துவதில் கோட்பாட்டுக்கு எந்தச் சோதனையும் இல்லை. அதே கால்சியம் அளவில் சாதாரண உப்பை மட்டும் 10-இலிருந்து 300 மில்லிமோலார் வரை ஏற்றினால், பிணைப்பு இல்லாத கணக்கும் பிணைப்புள்ள கணக்கும் வெவ்வேறு இடங்களில் திரும்புகின்றன. அந்த வரிசையை 100 நானோமீட்டர் சவ்விலும் 30 நானோமீட்டர் சவ்விலும், கால்சியத்துக்குப் பதில் மக்னீசியத்தை வைத்து மறுமுறையும் இப்போது அளந்துகொண்டிருக்கிறார்.